மூதூர் கிழக்கு வேடர் ஊர்களில் மனவடு ஆற்றும் திட்டம்: எங்கே தொடங்குவது?

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்து மூதூர் கிழக்கில், பூர்வகுடிகளான வேடர் குடும்பங்கள் வாழும் ஓர் ஊரின் இளைஞர் கழகம் கேட்டது சுருக்கமாக இது: கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பூர்வகுடிகள் நடத்தும் மனவடு ஆற்றும் திட்டங்களைப் போல இங்கேயும் செய்யலாமா? ஓர் அமைப்பு ஆறு மாதத்துக்குப் பணம் தருவதாகச் சொல்கிறது. எங்கள் பழைய சடங்குகளையும் அதில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

செய்யலாம். ஆறு மாதம் காணாது. சடங்கைத் திட்டத்துக்குள் இழுக்க வேண்டாம். மூன்றுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் வெளிநாட்டுக் கதை. கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, மொழியை மறக்கச் செய்த விடுதிப் பாடசாலைகளில் கடைசியானது 1990களின் பிற்பகுதியில்தான் மூடப்பட்டது. அந்தக் காயத்துக்காக 1998 இல் 350 மில்லியன் கனேடிய டொலர் முதலுடன் ஒரு குணப்படுத்தல் நிதியம் தொடங்கினார்கள். பூர்வகுடிகளே நடத்திய அந்த நிதியம் நாடு முழுவதும் ஊர்மட்டத் திட்டங்களுக்குப் பணம் கொடுத்தது. அரசு நிதியைப் புதுப்பிக்கவில்லை. 2014 இல் நிதியம் மூடப்பட்டது. மக்கள் வாய்திறந்து பேசத் தொடங்கியிருந்த நேரத்திலேயே பல ஊர்களில் பணம் நின்றது. ஆறு மாதப் பணத்தைக் கண்டு நான் பயப்படுவது இதனால்தான்.

அதே நாட்டிலிருந்து இன்னொன்று. சான்ட்லர், லலோண்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துப் பூர்வகுடிச் சமூகங்களில் 1987 முதல் 1992 வரை நடந்த இளைஞர் தற்கொலைகளைப் பார்த்து 1998 இல் எழுதினார்கள். சில சமூகங்களில் தற்கொலை மிக அதிகம். பாதிக்கு மேற்பட்டவற்றில் ஒன்றுகூட இல்லை. அவர்கள் ஆறு விடயங்களைப் பார்த்தார்கள்: சுயநிர்வாகம், நில உரிமைக்கான முயற்சி, பாடசாலை, சுகாதார சேவை, பொலிசும் தீயணைப்பும், பண்பாட்டுக் கட்டடம். இவற்றில் எத்தனை அந்தச் சமூகத்தின் கையில் இருந்ததோ அந்த அளவுக்குத் தற்கொலை குறைவாக இருந்தது. ஆறும் இருந்த சமூகங்களில் தற்கொலையே இல்லை. இதுதான் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இரவல் வாங்க வேண்டியது எது என்பதை அது காட்டுகிறது. வட்டமாக உட்காருவதும் மூலிகைப் புகை காட்டுவதும் அவர்களுடைய மண்ணுக்குரியவை. ஊர் நலத்தின் முடிவுகளை ஊரே எடுப்பது எந்த மண்ணுக்கும் பொருந்தும். கணக்குக் கொப்பி யார் கையில், கூட்ட நாளைத் தீர்மானிப்பது யார், பயிற்றுநரை வேண்டாமென்று சொல்ல ஊருக்கு உரிமை உண்டா என்பதைப் பணம் தருபவரிடம் முதலில் கேளுங்கள்.

இனி நம்முடைய இடம். பாட்டாளிபுரம், நல்லூர், வீரமாநகர், சந்தோசபுரம், உப்பூரல் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் மேல் எத்தனை அடி விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 1990 இன் வன்செயல். 2004 டிசெம்பர் 26 சுனாமி. 2006 ஏப்ரலில் விமானத் தாக்குதல், அதன் பின் இடப்பெயர்வு. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்கள். பக்கத்துச் சம்பூர் மக்களிற் பலர் 2015, 2016 இல்தான் தங்கள் காணிக்குத் திரும்பினார்கள். ஒரு பிள்ளை முகாமில் பிறந்து பத்து வயது வரை முகாமிலேயே வளர்ந்தது என்றால், அதற்கு 'வீடு' என்ற சொல்லின் பொருளே வேறு.

இவற்றுக்கெல்லாம் கீழே இன்னும் பழைய அடி ஒன்று உண்டு. பக்கத்து ஊர்க்காரர் வாயில் 'வேடன்' என்பது வசைச்சொல். பாடசாலையில் கடைசி வாங்கு, கோயிலில் வெளிவீதி. லக்கோட்டா இனத்தவரான மரியா யெல்லோ ஹோர்ஸ் பிரேவ் ஹார்ட் தலைமுறை தாண்டிச் சேரும் இந்த வகைக் காயத்தை 'வரலாற்று மனவடு' என்றார். இதனால் ஒரு நடைமுறைப் பிரச்சினை வருகிறது. பதாகையில் 'வேடர் நலத்திட்டம்' என்று அச்சடித்துக் கட்டினால் ஊரில் பாதிப்பேர் வரமாட்டார்கள். சிலர் வேடர் என்றே சொல்வார்கள், சிலருக்குப் பூர்வகுடி, சிலருக்கு ஆதிவாசி. பிள்ளையின் கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டில் அந்தப் பெயரே வேண்டாம் என்பார்கள். வீடு வீடாகக் கேட்டுவிட்டுப் பெயர் வையுங்கள். ஊர்ப்பெயரோடு மட்டும் நிறுத்தினாலும் குறைவில்லை.

முதல் இரண்டு மாதம் கூட்டம் வைக்காதீர்கள். ஊரைச் சேர்ந்த இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், வீடுகளுக்குப் போய்க் கதைக்கட்டும். கொப்பியில் ஆட்களின் பெயர் வேண்டாம். பெயர்ப்பட்டியல் எடுத்த காலத்தின் பயம் இன்னும் போகவில்லை. மூன்று கேள்வி போதும். இப்போது உங்களை ஆகக் கூடக் கஷ்டப்படுத்துவது எது? அதனால் எந்த வேலை செய்ய முடியாமல் இருக்கிறது? மனம் பாரமாக இருக்கும்போது யாரிடம் போவீர்கள்? முதல் இரண்டு கேள்விக்கும் பாரத்தை அளக்க ஐந்து புளியங்கொட்டையைக் கையில் கொடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் வெறுங்கை, தாங்க முடியாதென்றால் ஐந்தும். எழுத வாசிக்கத் தெரியாத மூத்தவர்களும் இதைச் சரியாகச் செய்வார்கள். ஆறு மாதம் கழித்து அதே கேள்வி, அதே கொட்டை. வெளிநாட்டுக் கேள்விக்கொத்தை மொழிபெயர்த்து நாற்பது கேள்வி கேட்பதைவிட இது பயன்படும்.

பதிலில் 'மனவடு' என்ற சொல் வராது. நெஞ்சு படபடப்பு, தலைக்குள் இரைச்சல், உடம்பு உளைச்சல், நித்திரை இல்லை, யோசினை கூட என்றுதான் வரும். சிம்பாப்வேயில் ஷோனா மக்களும் 'அதிகம் யோசிப்பது' என்ற பொருளுள்ள தங்கள் சொல்லைத்தான் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006 இல் அங்கே பாட்டிமாரைப் பயிற்றி, சிகிச்சை நிலையத்துக்கு வெளியே ஒரு வாங்கில் இருத்தி, வந்தவர்களோடு கதைக்க வைத்தார். அந்த ஏற்பாடு வேலை செய்கிறது என்பது 2016 இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் தெரிந்தது. பாட்டிமார் மக்களின் சொல்லிலேயே கதைத்தார்கள். நீங்களும் சுவரொட்டியில் 'யோசினை கூடினால்' என்று எழுதுங்கள். 'மனநலம்' என்றால் விசர் என்று ஊர் வாசிக்கும்.

அந்தப் பதில்களில் பாதி வயிறும் காணியும் பற்றியதாக இருக்கும். குழுக்கடன், களப்பில் மீன் குறைவு, சேனைக்குக் காடு வெட்டத் தடை, கிணற்றில் உப்பு. 'இது எங்கள் வேலையல்ல' என்று அமைப்பு சொன்னால் அந்த அமைப்பு வேண்டாம். காணிப் பத்திரத்துக்குப் பிரதேச செயலகம் போக ஒருவர் கூட வருவது, கடன்காரர் வரும் நாளில் பெண்கள் தனியாக இல்லாமல் பார்ப்பது எல்லாம் குணப்படுத்தலின் பகுதிதான். மாவோரி மக்களின் நல மாதிரியை மேசன் டியூரி 1980களில் நான்கு சுவருள்ள வீடாக விளக்கினார்: ஆன்மா, மனம், உடல், குடும்பம். வீடு நிற்பது நிலத்தில். நிலம் கையில் இல்லாதவனுக்கு மூச்சுப்பயிற்சி மட்டும் கொடுத்தால் அவன் சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

மூன்றாம் மாதம் குழு. ஒரு குழுவில் எட்டு முதல் பன்னிரண்டு பேர். எட்டுக்குக் குறைந்தால் இருவர் வராத நாளில் குழு கலைகிறது, பன்னிரண்டுக்கு மேல் போனால் பின்னால் இருப்பவர் வாய் திறப்பதில்லை. ஆண், பெண் வேறு வேறாக. நடத்த இருவர்: ஒருவர் பேச்சைக் கொண்டுபோவார், மற்றவர் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்து, எழுந்து போகிறவரின் பின்னால் போவார். கிழமைக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், பத்துக் கிழமை. களப்புக்குப் போகிறவர்களுக்குக் காலை சரிவராது. பெண்களுக்குப் பிள்ளைகள் பாடசாலையால் வருமுன் முடிய வேண்டும். வாடைக்காற்று மழை தொடங்கினால் பாதை அறும், ஆகவே ஐப்பசிக்கு முன் பத்துக் கிழமையும் முடியும்படி பாருங்கள்.

அந்த ஒன்றரை மணி நேரம் இப்படி. முதல் பதினைந்து நிமிடம் தேத்தண்ணி, ஊர்க்கதை. இதை வெட்டாதீர்கள், யாருக்கு முகம் சரியில்லை என்பது இங்கேதான் தெரியும். பிறகு ஐந்து நிமிடம் மூச்சு: நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. வெளிமூச்சு நீள வேண்டும். நெஞ்சு அடிப்பு இறங்குவது அதில்தான். கண்ணை மூடச் சொல்லாதீர்கள். ஷெல்லடிக்குள் இருந்தவருக்குக் கண் மூடினால் படம் ஓடும். ஆளுக்கு ஆள் பழக்கமான சொல்லோடு மூச்சை இணைக்கலாம். இந்துக்களுக்கு ஓம் சாந்தி, கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என்று ஒவ்வொருவரின் சமய வழியைச் சாந்த முறையாக்கலாம் என்பதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வடக்கின் அனுபவத்திலிருந்து எழுதியிருக்கிறார். அடுத்த ஐம்பது நிமிடம் ஒரே ஒரு சிக்கல்: நித்திரை, பிள்ளையை அடிப்பது, கடன், தனிமை, எதுவாகவும் இருக்கலாம். கைவேலையோடு பேசட்டும். பாய் இழைக்கும், வலை பொத்தும் கைகள் இருந்தால் வாய் எளிதில் திறக்கும், மௌனமும் உறுத்தாது. கடைசி இருபது நிமிடம் இந்தக் கிழமை செய்யப்போகும் ஒரு சிறு காரியத்தை ஒவ்வொருவரும் சொல்வது, மறுபடி மூச்சு, கலைவது. அழுகையின் நடுவில் கூட்டத்தை முடிக்கக் கூடாது.

'என்ன நடந்தது சொல்லுங்கள்' என்று யாரையும் கேட்க வேண்டாம். சுனாமிக்குப் பிறகு வந்த பலர் ஒரே நாளில் நடந்ததையெல்லாம் சொல்லி அழவைத்துவிட்டுப் போனார்கள். சம்பவத்தை ஒரே அமர்வில் கிளறும் அந்த முறை மனவடுவைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று ஆய்வுத் தொகுப்புகள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. 2007 இல் வந்த சர்வதேச உளசமூக வழிகாட்டியும் அதைச் செய்ய வேண்டாம் என்கிறது. தானாகச் சொல்பவரைக் கேளுங்கள். சொல்லாதவரின் மௌனத்தையும் மதியுங்கள்.

நூறு வீட்டு ஊரில் எல்லோரும் உறவு, ஆகவே இரகசியம் பெரிய பாடு. 'இங்கே பேசியது இங்கேயே' என்று சொன்னால் மட்டும் நிற்காது. மாமியும் மருமகளும் ஒரே குழுவில் இருக்கக் கூடாது. குடும்ப வன்முறை பற்றிய பேச்சு குழுவில் வேண்டாம், தனியாக. கூட்டத்தில் படம் எடுக்க வேண்டாம். பணம் தருபவர் கேட்டால் வெறும் கதிரைகளை எடுத்து அனுப்புங்கள். பகிடியாகச் சொல்லவில்லை, அதை ஏற்றுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். வருகைக்கு உலருணவுப் பொதி கொடுத்தால் கூட்டம் நிறையும், பொதி நின்ற கிழமை கலையும்.

சடங்கு பற்றி. கரையோர வேடரின் கப்பல் தெய்வங்களைப் பற்றி மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியர் 1911 இலேயே எழுதியிருக்கிறார்கள். முன்னோரை அழைப்பது, தெய்வம் ஏறி ஆடுவது, கட்டு (குறி) சொல்வது எல்லாம் இன்னும் இருக்கின்றன. வெருகல் சித்திரவேலாயுதர் திருவிழாவில் வேடருக்கும் பங்கு உண்டு. மட்டக்களப்பில் யுத்த காலத்தில் அம்மன் கோயில்களில் உரு ஏறியவர்களிடம் தாய்மார் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று கேட்கப் போனதை மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் விரிவாகப் பதிந்திருக்கிறார். வெளியில் சொல்ல முடியாத துயரத்துக்கு அந்த மடையும் பறையும் இடம் கொடுத்தன. அதற்குப் பலம் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதனால்தான் அதைத் தொட வேண்டாம் என்கிறேன். சடங்குக்கு அதன் நாள் உண்டு, அதன் ஆள் உண்டு, விரதம் உண்டு, துடக்கு உண்டு. நிகழ்ச்சி நிரலில் 'காலை பத்து மணி: பாரம்பரிய சடங்கு' என்று போட்டு, வாகனத்தில் வந்தவர்கள் முன் ஆடவைத்தால் அது கூத்து. பூசாரிக்குத் திட்டத்திலிருந்து சம்பளம் கொடுத்தால் அடுத்த வீட்டுப் பூசாரி முறைப்பார், ஊர் இரண்டாகும். கிறிஸ்தவ சபைகளுக்குப் போகும் குடும்பங்கள் அந்த நாளிலேயே திட்டத்தை விட்டு விலகும். திட்டம் செய்யக்கூடியது சுற்றுவேலை: கோயில் கிணற்றை இறைக்கலாம், பாதையைத் துப்புரவாக்கலாம், வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குச் சடங்கு நாளை அறிவிக்கலாம், பாட்டும் சொல்லும் தெரிந்த மூத்தவரிடம் பேரப்பிள்ளைகளை அனுப்பலாம். ஒலிப்பதிவு எடுத்தால் அதன் ஒரே பிரதி அந்த வீட்டிலேயே இருக்கட்டும். பூசாரியோடு ஒரு உடன்பாடு மட்டும் வேண்டும். நூல் கட்டுங்கள், தண்ணீர் ஓதுங்கள். வலிப்பு, காய்ச்சலோடு பிதற்றல், பிள்ளை பெற்று நாற்பது நாளுக்குள் தாய் உறங்காமல் குழம்புவது, சாகப்போகிறேன் என்பது, இவற்றைக் கண்டால் அன்றே மூதூர் தள வைத்தியசாலைக்கு அனுப்புங்கள் என்று. பல பூசாரிமார் இதற்கு உடன்படுவார்கள். அவர்களுக்கும் அது பாரம்தான்.

காணாமல் ஆக்கப்பட்டோர் குடும்பங்களுக்கு, இறந்தவருக்காகத் துக்கம் ஆற்றும் இழப்புக் குழு பொருந்தாது. எட்டு, முப்பத்தொன்று, ஆட்டைத் திவசம் என்று துக்கத்துக்கு நம்மிடம் படிகள் உண்டு, ஆனால் உடல் இல்லாத இடத்தில் அந்தப் படியில் ஏற முடியாது. பொட்டை அழிப்பதா வைப்பதா என்பதே அந்தப் பெண்ணின் அன்றாடப் போராட்டம். 'ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று சொல்லாதீர்கள். மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணக்கிடையாமைச் சான்றிதழ் எடுக்க 2016 சட்டம் இடம் தருகிறது. வேண்டுமா இல்லையா என்பது அவருடைய முடிவு. தேடுவதை நிறுத்தாமலே சமைக்கவும் சிரிக்கவும் உரிமை உண்டு என்பதை அதே நிலையிலுள்ள இன்னொரு பெண்தான் சொல்ல வேண்டும். இந்தக் குழுவுக்கு ஐந்து பேர் போதும், முடிவு நாளும் வேண்டாம்.

குடி. ஆண்கள் குழுவுக்கு வராததன் முதற் காரணம் இதுதான். கனடாவின் அல்கலி லேக் என்ற பூர்வகுடி ஊரில் 1972 இல் ஒரு தம்பதி குடியை விட்டதில் தொடங்கி, பத்துப் பதினைந்து வருடத்தில் ஊரின் பெரும்பகுதி குடியை விட்டது. பத்துக் கிழமை என்று எண்ணாதீர்கள். ஆபத்து இன்னொன்று: காலையிலேயே கசிப்புக் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறவரைத் திடீரென்று நிறுத்தவைக்காதீர்கள். நிறுத்தி ஒரு நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும், இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டு மூன்று நாளில் இல்லாததைக் கண்டு பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். நேர்த்தி வைத்துக் காப்புக் கட்டி நிறுத்துவது நம் பக்கத்தில் வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் அத்தகையவரை முதலில் வைத்தியசாலையில் காட்டி, மருந்தோடு நிறுத்திவிட்டுப் பிறகு காப்புக் கட்டட்டும்.

தற்கொலைக்கு ஒரு குறிப்பு. 1995 இல் இலங்கையில் இலட்சத்துக்கு 47 பேர் தற்கொலை செய்தார்கள். ஆகக் கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததில் அந்த வீதம் பின்னர் பெருமளவு இறங்கியது. ஆகவே கிருமிநாசினியை வீட்டில் வைக்காமல், அடிக்கும் நாளில் தேவையான அளவு மட்டும் வாங்குவது நல்லது. பூட்டுப்பெட்டி கொடுக்கும் யோசனை பலருக்கு வரும். வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் அதைச் செய்து பார்த்து 2017 இல் முடிவு வெளியிட்டார்கள், நஞ்சருந்தல் குறையவில்லை. பெட்டிக்கு வைத்த பணத்தை மூதூர் பஸ்ஸுக்கு வையுங்கள், சிகிச்சைக்குப் போகிறவருக்கு அது உதவும். கடைக்காரரிடம் போய், வெறியோடு வருகிறவருக்கும் கண் கலங்கி வருகிறவருக்கும் விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உடல்நலத்தைத் தனித் திட்டமாக்காதீர்கள். குழு நாளில் மாதம் ஒருமுறை குடும்பநல உத்தியோகத்தரை அழையுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒரு கடிதம் கொடுத்தால் இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்க வருவார்கள். நெஞ்சு படபடப்பு என்று வந்த பெண்ணுக்கு இரத்தச்சோகையாக இருக்கலாம், தைரொயிட்டாக இருக்கலாம். எல்லாவற்றையும் யுத்தத்தின் தலையில் கட்டிவிட்டு மருத்துவம் தவறக் கூடாது. வெற்றிலை போடும் மூத்தவர்களின் வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால் பல் வைத்தியரிடம். பிள்ளைகளுக்குக் குழுப் பேச்சு வேண்டாம், விளையாட்டும் நேரத்துக்குச் சாப்பாடும் ஒரே ஆள் தொடர்ந்து வருவதும் போதும். அவர்கள் வரையும் படத்துக்கு அர்த்தம் சொல்ல முயலாதீர்கள்.

நடத்துகிறவர்களும் அதே யுத்தத்தைக் கண்டவர்கள்தான். குறைந்தது ஐந்து நாள் பயிற்சி, அதன்பின் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அனுபவமுள்ள உளவளத்துணையாளரோடு ஒரு மணி நேரம். பணத்தை வெட்ட வேண்டி வந்தால் பதாகையை வெட்டுங்கள், இந்த மணி நேரத்தை வெட்டாதீர்கள். அவர்களுடைய சட்டைப்பையில் நான்கு எண் இருக்கட்டும்: மனநல உதவிக்கு 1926, அம்புலன்ஸுக்கு 1990, சிறுவர் துன்புறுத்தலுக்கு 1929, பெண்களுக்கு 1938.

பக்கத்து முஸ்லிம் ஊர்களையும் மறக்காதீர்கள். 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து அவர்களும் கந்தளாய்க்கு ஓடினார்கள். முதல் வருடம் குழுக்கள் தனித்தனியாகவே இருக்கட்டும், மருத்துவ முகாமை மட்டும் சேர்ந்து நடத்துங்கள்.

பணம் தருபவரிடம் ஆறு மாதத்தை இரண்டு வருடமாக நீட்டக் கேளுங்கள், தொகை அதேதான் என்று சொல்லுங்கள். கட்டடமும் வாகனமும் இல்லாவிட்டால் இது மலிவான வேலை: இரண்டு பேரின் படி, தேத்தண்ணி, பஸ் காசு, மேற்பார்வையாளரின் வருகை. மறுத்தால், அந்த ஆறு மாதத்தில் குழு தொடங்காமல் வீடுகளுக்குப் போவதையும் நடத்துநர் பயிற்சியையும் மட்டும் முடியுங்கள். குழுவை அடுத்த சித்திரைக்குப் பிறகு, மாதர் சங்கத்தின் பெயரில், சொந்தத் தேத்தண்ணியோடு தொடங்கலாம்.